"இந்த மழைக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமா?": வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் சேவையை எந்த அளவுக்கு நம்பலாம்?

பெருமழையோ வெப்ப அலையோ வந்துபோன இரண்டு வாரத்துக்குள், "பருவநிலை மாற்றத்தால் இதன் வாய்ப்பு இத்தனை மடங்கு கூடியிருக்கிறது" என்று ஒரு செய்தி வந்துவிடுகிறது. அந்த எண்களில் பல ஒரே இடத்திலிருந்து வருபவை: வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன். பருவநிலை அறிவியலாளர் ஃபிரீடரிக்கே ஓட்டோவும், நெதர்லாந்து வானிலை நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் தொடங்கிய குழு இது. ஓல்டன்போர்க் 2021இல் காலமானார். ஓட்டோ இப்போது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்து வழிநடத்துகிறார். அறிக்கைகள் எல்லாம் இலவசம், பதிவு செய்ய வேண்டியதும் இல்லை.

பல நாட்கள் நீடிக்கும் வெப்ப அலை பற்றி இவர்கள் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மழைக்கு ஒற்றை எண்ணை விட்டுவிட்டு அதன் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் பார்க்க வேண்டும். பரப்பு சிறியதாக, மலைப்பாங்காக, அளவீட்டு நிலையங்கள் குறைவாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. செய்தித் தலைப்பை மட்டும் படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகிறது.

"இந்தப் புயலை மனிதர்தான் உண்டாக்கினார்களா" என்பது இவர்கள் கேட்கும் கேள்வி இல்லை. இன்று உலகம் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.3 டிகிரி கூடுதல் வெப்பத்தோடு இருக்கிறது. இந்த உலகில் இப்படி ஒரு நிகழ்வு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், அந்த 1.3 டிகிரி இல்லாத உலகில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கும்? இரண்டையும் வகுத்தால் வருவதுதான் அந்த 'மடங்கு'. நிகழ்தகவு விகிதம் என்று பெயர். இதோடு இன்னொரு எண்ணும் எப்போதும் இருக்கும்: அதே அபூர்வத்தன்மை உள்ள நிகழ்வு எத்தனை டிகிரி அல்லது எத்தனை சதவீதம் தீவிரமாகியிருக்கிறது என்பது. செய்திகள் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. வடிகால் அகலத்தையோ பள்ளி நேரத்தையோ தீர்மானிக்கிறவர்களுக்குப் பயன்படுவது இரண்டாவது எண்தான்.

இந்த மடங்கு எண் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு 2022 வெப்ப அலை நல்ல உதாரணம். மார்ச், ஏப்ரலில் வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும் கொதித்தன. இந்தக் குழு 30 மடங்கு என்றது. பிரிட்டன் வானிலை அலுவலகம் 100 மடங்கு என்றது. ஒன்று சரி, மற்றது தப்பு என்று பலர் வாதிட்டார்கள். இரண்டும் சரிதான், கேட்ட கேள்விகள் வேறு. குழு எடுத்தது மார்ச்–ஏப்ரல் மாதங்களின் பகல் உச்ச வெப்பநிலைச் சராசரி. பிரிட்டன் அலுவலகம் எடுத்தது 2010ஆம் ஆண்டின் ஏப்ரல்–மே சராசரியைத் தாண்டும் வாய்ப்பு: பருவநிலை மாற்றம் இல்லையென்றால் 312 ஆண்டுக்கு ஒருமுறை, இப்போது 3.1 ஆண்டுக்கு ஒருமுறை. குழுவின் அறிக்கையில் அந்த 30 மடங்குக்குப் பக்கத்திலேயே, வெப்பம் சுமார் 1 டிகிரி கூடியது என்றும் இருந்தது. அதைப் பெரும்பாலான செய்திகள் விட்டுவிட்டன. எந்த அறிக்கையைத் திறந்தாலும் முதலில் தேட வேண்டியது 'நிகழ்வு வரையறை': எந்தப் பரப்பு, எத்தனை நாள், எந்த அளவு. அதைப் படிக்காமல் இரண்டு அறிக்கைகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

இன்னொரு தவறும் அடிக்கடி கண்ணில் படுகிறது. 30 மடங்கு என்றால் ஒன்றிலிருந்து முப்பதில் ஒரு பங்கைக் கழித்து, "97 சதவீத வெப்பத்துக்குப் பருவநிலை மாற்றம் காரணம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 97 சதவீதம் வாய்ப்பைப் பற்றியது, வெப்பத்தைப் பற்றியது இல்லை. 

செய்முறைக்கு வருவோம். எட்டுப் படிகள் கொண்ட நெறிமுறை ஒன்று 2020இல் ஆய்விதழில் வெளியானது. விரைவு அறிக்கைகள் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்குக் காத்திராமல் வருவதால், மதிப்பிடப்பட்டிருப்பது அந்த முறைதான். முதலில் பழைய அளவீடுகளை எடுத்து, உச்ச மதிப்புகளுக்கான புள்ளியியல் பரவல் ஒன்றைப் பொருத்துகிறார்கள். உலகச் சராசரி வெப்பநிலை ஏற ஏற அந்தப் பரவலும் நகர்வதாக வைத்துக் கணக்கிடுவார்கள். வெப்பத்துக்கு இத்தனை டிகிரி என்று நகரும். மழைக்கு இத்தனை சதவீதம் என்று விரியும். அடுத்து அதே கணக்கைக் கணினியில் ஓடும் பருவநிலை மாடல்களில் செய்கிறார்கள். அந்த ஊரின் பருவமழைச் சுழற்சியையும் மழை பெய்யும் இடப் பாங்கையும் சரியாகக் காட்டாத மாடலுக்கு 'மோசம்' என்று அட்டவணையில் எழுதி வெளியே தள்ளிவிடுவார்கள். கடைசியில் அளவீடும் மாடலும் சேர்ந்து ஒரு படமாகும்.

அந்தத் தொகுப்புப் படத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி அறிக்கை புரிந்துவிடும். நீலப் பட்டைகள் அளவீடு, சிவப்புப் பட்டைகள் மாடல், கீழே ஊதாச் சிவப்பில் இருப்பது இரண்டையும் எடை போட்டுச் சேர்த்த முடிவு. நிகழ்தகவு விகிதப் படத்தில் 1 என்ற செங்குத்துக் கோட்டைப் பாருங்கள். பட்டை முழுவதும் அதற்கு வலப்புறம் இருந்தால் வாய்ப்பு கூடியது உறுதி. கோட்டைத் தாண்டி இடப்புறமும் நீண்டால், மாற்றமே இல்லை என்பதையும் தரவு மறுக்கவில்லை என்று பொருள். நீலம் ஒரு பக்கமும் சிவப்பு இன்னொரு பக்கமும் நின்றால் மாடல்கள் ஏதோ ஒன்றைத் தவறவிடுகின்றன என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் சேர்த்த எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள். படத்தின் அளவுகோல் பத்து, நூறு, ஆயிரம் என்று பெருக்கிப் போகும் வகை. சிறிதாகத் தெரியும் பட்டைக்குள்ளேயே பெரிய இடைவெளி ஒளிந்திருக்கும்.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு பற்றிய அறிக்கையை இந்தக் கண்ணோடு படிப்பது நல்ல பயிற்சி. ஒரே நாளில் 140 மி.மீ.க்கு மேல் பெய்த மழை சுமார் 10 சதவீதம் தீவிரமாகியிருக்கிறது என்றார்கள். சிறிய மலைப்பகுதி என்பதால் மாடல் முடிவுகளில் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் அதே அறிக்கையில் ஒளிக்காமல் சொன்னார்கள். பிறகு அந்த 10ஐ எப்படி நம்புவது? ஒரு டிகிரி வெப்பத்துக்குக் காற்று தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். 1.3ஐ 7ஆல் பெருக்கினால் 9.1. மாடல் தடுமாறும் இடத்தில் இயற்பியல் துணை நிற்கிறது. முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்ததற்கு இந்த 10 சதவீதம் மட்டுமே காரணம் என்று அந்த அறிக்கை எங்கும் சொல்லவில்லை. சரிவின் சாய்வு, ஊறிப்போன மண், நிலப் பயன்பாட்டு மாற்றம், எச்சரிக்கை போய்ச் சேர்ந்த விதம் எல்லாம் 'பாதிப்புக்குள்ளாகும் நிலை' என்ற தனிப் பகுதியில் வரும். உள்ளாட்சியில் இருப்பவர்கள் அந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இந்தச் சேவையின் மேல் நம்பிக்கை வருவதற்கு வலுவான காரணம், 'இல்லை' என்று சொல்லவும் இவர்கள் தயங்காததுதான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. உலகமே பருவநிலை மாற்றம் என்று பேசிக்கொண்டிருந்த பாரிஸ் மாநாட்டு வாரம் அது. ஓல்டன்போர்க் முதலானோர் அடுத்த ஆண்டு ஆய்விதழில் வெளியிட்ட முடிவு: புவி வெப்பமடைதலின் விளைவு எதுவும் கண்டறியப்படவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலைத் தடுத்து, பசுங்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்றார்கள். 'கண்டறியப்படவில்லை' என்பதற்கும் 'இல்லவே இல்லை' என்பதற்கும் உள்ள இடைவெளி இங்கே முக்கியம்: மாசு குறைந்தால் மறைந்திருக்கும் பங்கு வெளியே வரும். செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை. மடகாஸ்கரின் 2019–21 வறட்சியிலும் பருவநிலை மாற்றத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்றே சொன்னார்கள்.

வெப்பத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. அதை ஆராய்ந்தபோது, ஆண்டின் மிக உச்ச நாளின் வெப்பநிலை வட இந்தியாவில் தெளிவாக ஏறியதாகத் தெரியவில்லை. காற்று மாசும் பரவலான பாசனமும் பகல் உச்சத்தை அடக்கி வைக்கின்றன. அதே பாசனம் ஈரப்பதத்தைக் கூட்டுவதால் உடலுக்கு ஆபத்து குறைவதில்லை. எனவே ஒரு நாள் உச்சம் பற்றிய அறிக்கையா, பல நாள் சராசரி பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள்.

இந்தக் குழுவின் கணக்கிடும் முறை திணறிய இடம் கனடா. 2021 ஜூன் 29இல் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி. அதற்கு முன்பு அந்த நாட்டின் சாதனை 45 டிகிரி. வெப்பத்துக்குப் பொருத்தும் பரவலுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. இந்த அலை அந்த எல்லைக்கே வெளியே விழுந்தது. அந்த அலையின் அளவீட்டையும் தரவில் சேர்த்த பிறகே எண் கிடைத்தது: பருவநிலை மாற்றம் இல்லையென்றால் குறைந்தது 150 மடங்கு அரிது. இப்படி வரும்போது 'கிட்டத்தட்ட நடந்திருக்கவே முடியாது' என்ற வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 150ஐப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லாப் பேரிடரையும் இவர்களால் ஆராய முடியாது; உயிரிழப்பு, பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை போன்ற வரம்புகளை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழில் சுருக்கம் கிடையாது. நீண்ட காலத் தரவு இல்லாத நாடுகளில் முடிவும் மங்கலாகவே வருகிறது. பெரும்பாலும் அவை ஏழை நாடுகள் என்பது வேதனை.

அன்றாடப் பயன்பாட்டுக்கு அமெரிக்க அமைப்பான கிளைமேட் சென்ட்ரலின் 'கிளைமேட் ஷிஃப்ட் இண்டெக்ஸ்' வரைபடம் வசதி. தினமும் ஒவ்வொரு இடத்துக்கும் –5 முதல் +5 வரை ஒரு எண். 2 என்றால் அன்றைய வெப்பநிலையின் வாய்ப்பு குறைந்தது 2 மடங்கு, 5 என்றால் குறைந்தது 5 மடங்கு. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இதைப் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கே வெப்பநிலை நாளுக்கு நாள் ஏறியிறங்கும் அளவு குறைவு. அதனால் வழக்கத்தைவிடச் சற்றே கூடினாலும் குறியீடு 5ஐத் தொட்டுவிடும். அது வாய்ப்பின் அளவு. வெயில் கொடுமையின் அளவு இல்லை. ஈரப்பதம் அதில் சேராது. வெளியே வேலை செய்வோருக்கான எச்சரிக்கைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, வானிலை மையத்தின் அறிவிப்பையே பாருங்கள்.

சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு, ஓல்டன்போர்க் உருவாக்கிய 'கிளைமேட் எக்ஸ்ப்ளோரர்' இணையதளம். தோற்றம் பழையது, உள்ளே இருப்பது தங்கம். நிலையத்தின் தினசரித் தரவை எடுத்து, ஆண்டு உச்சத் தொடராக மாற்றி, உச்சங்களின் போக்கு பற்றிய பக்கத்துக்குப் போங்கள். மழைக்கு 'ஸ்கேல்' (பரவல் விரியும்), வெப்பத்துக்கு 'ஷிஃப்ட்' (பரவல் நகரும்) என்று தேர்ந்தெடுங்கள். துணைமாறியாக, அதாவது பரவலை மாற்றும் அளவாக, 4 ஆண்டுச் சராசரியாக்கிய உலக வெப்பநிலையைக் கொடுங்கள். ஆராயும் நிகழ்வின் ஆண்டைச் சேர்த்து ஒருமுறை, விலக்கி ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டும் வெகுவாக மாறினால் தொடர் மிகக் குறுகியது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தரவு விடுபட்ட ஆண்டுகளை நீக்குங்கள், இல்லையென்றால் பொய்யான குறைந்த உச்சம் உள்ளே வந்துவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறை புனேயிலிருந்து இலவசமாகத் தரும், நாட்டைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்த மழைத் தரவு 1901 முதல் இருக்கிறது. போக்கைப் பார்க்க அருமை. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் கொட்டிய 95 செ.மீ. போன்ற உச்சம், சுமார் 27 கி.மீ. அகலக் கட்டத்தில் சராசரியாகிக் கரைந்துவிடும். அங்கே நிலைய அளவையே எடுங்கள். நம் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதால், காலை 8.30ஐத் தாண்டித் தொடர்ந்து பெய்த மழை இரண்டு தேதிகளாகப் பிரிந்து நிற்கலாம்; ஒரு நாள் உச்சத்தோடு இரண்டு நாள் கூட்டுத்தொகையையும் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.