குடியை விட்டபின் வேலைக்குத் திரும்புகிறவருக்கு நான்கு வழிகள்: எதை, யாரிடம், எவ்வளவு சொல்வது?

குடிநோய்ச் சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்புகிறவர் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் காதில் விழும் முதல் கேள்வி, "என்ன மாப்ள, ஒரு மாசமா ஆளையே காணோம்?" என்பதுதான். பதிலை அங்கே நின்று யோசிக்கக் கூடாது. முந்தின வாரமே முடிவு செய்து வாயில் பழகியிருக்க வேண்டும். சொல்லிவிட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. சொல்லாமல் வைத்திருந்ததைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கோவையிலிருந்து வாளையார் எல்லை தாண்டிக் கேரளத்துக் கஞ்சிக்கோட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவருக்கும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் போய்வருகிறவருக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடை அடைப்பு. அன்று வாளையாருக்கு இந்தப் பக்கம் டாஸ்மாக் திறந்திருக்கும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறக்கும் ஊரில் கடை அடைப்பை நம்பிக் குடியை நிறுத்த முடியாது. கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிடாமல் இருந்தால்தான் தப்ப முடியும். அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே அதனால்தான் இவ்வளவு கனமாக இருக்கிறது.

ஒன்றுமே சொல்லாமல் இருப்பது

குடி வேலையிடத்துக்குள் வராமல், வீட்டோடு இருந்து, வெளிநோயாளியாகவே மருந்து எடுத்து நிறுத்தியவருக்கு இது போதும். யாருக்கும் சந்தேகம் இல்லாத இடத்தில் தானாகப் போய்ச் சொல்ல வேண்டிய கடமை எதுவும் இல்லை.

உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கு இந்த வழி பெரும்பாலும் உடைந்துவிடும். உடம்பிலிருந்து குடியை இறக்க 7 முதல் 10 நாள், அதன்பின் மையத்தில் தங்கினால் மொத்தம் 3, 4 வாரம் போகும். தகவல் தராமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் அது ஒழுங்கீனம் என்று பல தொழிற்சாலைகளின் நிலையாணையில், அதாவது வேலை விதிகளில், இருக்கிறது. பிறகு குடியை நிறுத்தியவர் குடித்ததற்காக இல்லாமல், சொல்லாமல் போனதற்காக விசாரணைக் கடிதம் வாங்குவார். திடீரென்று சேர்க்க நேர்ந்தால் அவரே போன் செய்வார் என்று காத்திருக்கவும் முடியாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் நினைவு தடுமாறிப் பிதற்றும் நிலை வரலாம். வீட்டில் ஒருவர் இரண்டு நாளுக்குள் மருத்துவச் சான்றோடு கம்பெனிக்கு எழுத்தில் தகவல் தந்துவிட வேண்டும்.

மருந்தும் இந்த வழியை இறுக்கும். குடியைத் தொடாமல் இருக்கத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுக்கிறவர் உடம்பில் சாராயம் சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கலாம். விஷயம் தெரியாத நண்பர்கள் விளையாட்டாகக் கூல்டிரிங்க்ஸில் கலந்து கொடுத்தால் அது உயிரோடு விளையாடுவது. மலையாளி நண்பர் அக்கறையாக நீட்டும் தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தும் ஆபத்துதான். அரிஷ்டங்களில் புளிப்பேறும்போதே சாராயம் உண்டாகிறது. சில இருமல் மருந்துகளும் ஹோமியோ சொட்டுகளும் அப்படித்தான். குடி ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் எடுக்கிறவருக்கு மெஷினில் கை அடிபட்டால் ட்ரமடால், மார்ஃபின் வகை வலி மருந்துகள் சரியாக வேலை செய்யாது. யாருக்கும் சொல்ல மனமில்லை என்றாலும், மருந்தின் பெயரும் டாக்டரின் எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும்.

வேறு காரணம் சொல்வது: மாலை, கயிறு, ஈரல்

நம் பக்கத்தில் அதிகம் பேர் எடுக்கும் வழி இதுதான். "மாலை போட்டிருக்கேன்" என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. நேற்று வரை குவாட்டரில் பங்கு போட்டவரே "சாமி" என்று கூப்பிடுவார், கிளாஸை ஒதுக்கி வைப்பார். கேரளத்து ஆட்களிடமும் இந்த மரியாதை அப்படியே கிடைக்கும்.

இதில் இரண்டு ஓட்டை. மாலை கார்த்திகையில்தான் போடுவார்கள். ஓண போனஸ், ஆயுத பூஜை சாயங்காலம், தீபாவளி போனஸ் என்று கூட்டுக் குடி வரிசையாக நடக்கும் காலம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். தப்ப வேண்டிய மாதங்களில் இந்தக் காரணம் கையில் இல்லை. இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம்: 41 நாள் முடிந்து மாலையைக் கழற்றும் தேதி எல்லோருக்கும் தெரியும். "சாமி, விரதம் முடிஞ்சுதா?" என்று அன்றைக்கே பாட்டிலோடு நிற்பார்கள். கழற்றும் தேதி தெரிந்த விரதம் குடிநோயாளியின் மனதுக்குள்ளும் தவணையாக மாறி, அவரை நாள் எண்ண வைக்கும். பக்தியோடு மாலை போடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. சிகிச்சைக்கு அதை மறைப்பாக்கினால்தான் இந்தச் சிக்கல். கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டுவதும் இதேபோலத்தான். பலர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணை சொல்லியே கட்டுகிறார்கள்.

காரணம்தான் சொல்வது என்றால், முடிவுத் தேதி இல்லாததாகவும் பொய் இல்லாததாகவும் பார்த்து எடுக்க வேண்டும். "சுகர்" எடுபடாது, பக்கத்திலேயே சுகரை வைத்துக்கொண்டு குடிக்கும் நாலு பேர் இருப்பார்கள். "மஞ்சக் காமாலை" என்றால் ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுவார்கள். "ஈரல் கெட்டிருக்கு, இனி ஒரு சொட்டுக்கூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்பது நிற்கும், ஸ்கேனில் அது உண்மையாக இருந்தால். இல்லாத நோயைச் சொன்னால், கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் அது பொய் என்று தெரியும். அதற்குப்பின் உண்மையான லீவையும் நம்ப மாட்டார்கள்.

பொறுப்பில் உள்ள ஒருவரிடம் மட்டும் சொல்வது

உள்நோயாளியாக இருந்துவந்த நிரந்தரத் தொழிலாளிக்கு எங்கள் தேர்வு இதுதான். ஒருவரிடம் தேவையான அளவு, கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரே வரி, மற்றவர்களிடம் ஒன்றுமில்லை.

அந்த ஒருவர் யார்? லீவிலும் ஷிப்ட் போடுவதிலும் கையெழுத்துப் போடுகிறவராக இருக்க வேண்டும். நல்ல மனிதராக இருந்தும் அதிகாரம் இல்லாதவரிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும், ஷிப்ட் மாறாது. பெரிய தொழிற்சாலைகளில் நலன் அலுவலர் இருப்பார். 500 தொழிலாளரோ அதற்கு மேலோ இருந்தால் அவர் கட்டாயம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அவர் இல்லாத இடத்தில் எச்.ஆர். மேலாளர், அல்லது சங்கச் செயலாளரைக் கூட வைத்துக்கொண்டு பிரிவு மேலாளர். கூடக் குடித்த சூப்பர்வைசர் எவ்வளவு நெருக்கமானாலும் வேண்டாம். இவர் நிறுத்தியது அவருக்குத் தன்மேல் விழும் கேள்வியாகத் தெரியும்.

எப்போது சொல்வது? லீவுக்குப் போகும் முன். ஒரு சம்பவத்துக்கு முன்பு சொன்னால் உதவி கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஊதும் மெஷினில் மாட்டிய பிறகு அதே சொற்களைச் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

நான்கு வாக்கியம் போதும்: "சார், குடிநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறேன். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் மருத்துவ லீவு வேணும். திரும்பி வந்ததும் மாசம் ஒரு நாள் டாக்டரைப் பார்க்கணும், முதல் மூணு மாசம் நைட் ஷிப்ட் இல்லாம இருந்தா நல்லது. இது உங்களோட இருக்கட்டும்; வேற யாருக்காவது சொல்லியே ஆகணும்னா முதல்ல எங்கிட்டச் சொல்லுங்க." தமிழ் சரியாகப் புரியாத மேலாளரிடம் "ஞான் குடி நிர்த்தி, சிகில்சயிலாணு" என்று தொடங்கினால் மீதி தானாக ஓடும்.

சொல்லக் கூடாததையும் பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு குடித்தேன், எவ்வளவு கடன், வீட்டில் என்ன சண்டை: எதுவும் வேண்டாம். "ரெண்டு தடவை போதையோடயே மெஷின் ஓட்டியிருக்கேன் சார்" என்று பழைய தவறுகளை மனம் திறந்து கொட்டவே கூடாது. மையத்தில் பாவமன்னிப்பாகப் பழகிய பேச்சு, அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரமாகிவிடும்.

காகித விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனிக்குத் தர வேண்டியது லீவுக்கான மருத்துவச் சான்றும் வேலைக்குத் தகுதி என்ற சான்றும்தான். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தர வேண்டாம். அதில் எஃப் 10 என்று தொடங்கும் குறியீடு இருக்கும், குடி சார்ந்த நோய் என்பதற்கான உலக அடையாளம் அது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன் 23-வது பிரிவின்படி டாக்டரும் மருத்துவமனையும் ரகசியம் காக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவது சிகிச்சை தருகிறவர்களை; மேலாளரின் வாயை அது கட்டாது. குரூப் இன்சூரன்ஸில் பில் போடும் முன் பாலிசியைப் படியுங்கள். குடிச் சிகிச்சையை விலக்கும் பிரிவு பல பாலிசிகளில் 12-வது விலக்காக இருக்கிறது. பணமும் வராமல், நோயின் பெயரும் அலுவலகம் வரை போய்விடும்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வழி சுலபம். சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், சான்றளித்த நோய் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் பொதுவாகக் கிடையாது. அந்தப் பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 ஈ.எஸ்.ஐ. சட்டம் 73-வது பிரிவில் பாதுகாப்பு வைத்தது.

கூட வேலை செய்கிறவர்களுக்கான அந்த ஒரே வரி: "நான் விட்டுட்டேன் அண்ணா, டாக்டர்கிட்டப் பார்த்துட்டிருக்கேன்." அதோடு நிறுத்திவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட வேண்டும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் "ஒண்ணே ஒண்ணு" என்று பேரம் ஆரம்பமாகும்.

எல்லோருக்கும் தெரியச் சொல்வது

இதன் பலன் பெரிது. யாரும் கூப்பிட மாட்டார்கள்; அதைவிட, இன்னொரு குடிநோயாளி ஷிப்ட் முடிந்ததும் தனியாக வந்து "எங்க போனீங்க, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார். அப்படிக் கேட்கிற ஒருவருக்காகவே வெளிப்படையாக இருக்கிறவர்களை நாங்கள் மதிக்கிறோம். கேரளப் பக்கத்து ஆளுக்கு அந்த மாநில அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் 14405, நாட்டில் எங்கிருந்தும் 14446 என்று எண் கொடுத்து அனுப்பலாம்.

விலையும் உண்டு. திங்கட்கிழமை காய்ச்சலில் லீவு போட்டாலும் "மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்பார்கள். வரன் பார்க்க வருகிறவர்கள் கம்பெனியில் விசாரிப்பது நம் வழக்கம். ஒரு வாய் போதும். பெண்களுக்கு இந்த விலை பல மடங்கு. அவர்களுக்கு மூன்றாவது வழிக்கு மேல் போகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் வந்தால் நிர்வாகமே மேடையேறிப் பேசச் சொல்லும். நிறுத்தி ஒரு வருடமாவது முடியாதவர் மறுத்துவிடலாம். அதற்குள் தடுக்கி விழுந்தால் விழுந்தது மொத்தத் தொழிற்சாலைக்கும் தெரியும், திரும்ப எழுந்துவர வெட்கம் தடுக்கும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறவர், பெயர் வெளியிடாமையை அங்கே ஏன் இவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். எல்லையில் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: கஞ்சிக்கோட்டில் வேலை என்றால் கோவையில் கூட்டம் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்த முகம் குறையும்.

கணக்கு மாறும் இரண்டு இடங்கள்

ஒப்பந்தத் தொழிலாளிக்கு மேலே சொன்ன தேர்வு பொருந்தாது. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரிடம் சொன்னால் நாளைக்கு கேட் பாஸ் வராமல் போகலாம், காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள். அவருக்கு ஈ.எஸ்.ஐ. சான்றும், உண்மையாக இருந்தால் ஈரல் காரணமும் போதும். பதிவான சங்கம் இருந்தால் அங்கே ஒருவரிடம் சொல்லி வைக்கலாம்.

லாரி, போர்க்லிஃப்ட், கிரேன், பவுண்டரி உலை, பிரஸ் மெஷின் ஓட்டுகிறவருக்கு மறைப்பது என்ற பேச்சே கிடையாது. முதல் ஒன்றிரண்டு வாரம் தரும் குளோர்டயசபாக்சைடு, டயசபாம் மாத்திரைகள் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும். டாக்டர் தகுதிச் சான்று தரும் வரை வேறு வேலை கேட்க வேண்டும்.

யாரிடம் சொன்னாலும் அதே பேச்சில் இன்னொன்றையும் பேசி வைக்க வேண்டும்: மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால் என்ன செய்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. உடம்பு மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிகிராம்தான் கரைக்கும். இரவு 10 மணிக்கு 150-ல் இருந்தவர் 30-க்கு இறங்கவே 6 முதல் 8 மணி நேரம் ஆகும். காலை 6 மணி ஷிப்டுக்குக் குளித்து, விபூதி பூசி, தெளிவாகத் தெரிந்தாலும் மெஷின் கூவிவிடலாம். அதனால் ஏற்பாடு இப்படி இருக்கட்டும்: குடித்தால் வேலைக்கு வர மாட்டேன், ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போன் செய்து லீவு சொல்வேன், அன்றே டாக்டரைப் பார்த்துச் சீட்டோடு வருவேன். குடிக்காமலேயே மெஷின் கூவினால், மவுத்வாஷாகவோ அரிஷ்டமாகவோ இருக்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு 15, 20 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேட்க வேண்டும். இரண்டு அளவையும் நேரத்தோடு குறிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.