லாபுடா: ஜப்பானியக் குரலா, டிஸ்னி டப்பிங்கா?

ஹயாவோ மியாசாகியின் அனிமேஷன் படம் 'லாபுடா' 1986இல் ஜப்பானில் வெளியானது. ஸ்டுடியோ கிப்லியின் முதல் படம். டிஸ்னி 90களின் கடைசியில் இதை ஆங்கிலத்தில் டப் செய்து, சில ஆண்டுகள் கிடப்பில் போட்டு, 2003இல்தான் அமெரிக்காவில் டிவிடியாக விட்டது. இரண்டையும் பார்த்தாயிற்று. இனி எனக்கு ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும்தான்.

டிஸ்னி பதிப்பில் படம் வெட்டப்படவில்லை, கதையும் மாறவில்லை. குரல்களில் டிஸ்னிக்கும் ஒரு புள்ளி உண்டு. வில்லன் முஸ்காவுக்கு மார்க் ஹேமில் பேசியிருக்கிறார். அந்த வழவழப்பான திமிருக்காகவே ஒருமுறை கேட்கலாம். ஆனால் நாயகன் பாஸுவும் நாயகி ஷீட்டாவும் சிறுவர்கள். ஆங்கிலத்தில் காலேஜ் பிள்ளைகள் போல ஒலிக்கிறார்கள்.

சரி, அது பழகிவிடும். எனக்குப் பழகாதது இசை.

படம் 124 நிமிடம். மூலத்தில் ஜோ ஹிசாய்ஷியின் இசை வருவது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அமெரிக்க ரசிகர்களுக்கு அவ்வளவு மௌனம் ஒத்துவராது என்று, அவரையே மறுபடி உட்காரவைத்து ஒன்றரை மணி நேர அளவுக்கு நீட்டினார்கள். எழுதியவர் அவரே என்பதால் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தனியாகக் கேட்டால் புதிய இசை பிரமாதம்.

ஆனால் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். இரவில் மேகங்களுக்கு நடுவே ஆகாயக் கப்பலைக் கொள்ளையர் தாக்குகிறார்கள். மூலத்தில் இசையே இல்லை. எஞ்சின் இரைச்சல், துப்பாக்கிச் சத்தம், முஸ்கா குனிந்து தந்தி தட்டும் ஓசை. ஷீட்டா பின்னால் வந்து பாட்டிலால் அவன் மண்டையில் ஒரு போடு போடுகிறாள். தன் மாயக் கல்லை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியேறுகிறாள், பிடி நழுவுகிறது, விழுகிறாள். அப்போதுதான் முதல் ஸ்வரம். அதுவரை காத்திருந்ததால்தான் அது நெஞ்சை அள்ளுகிறது. டிஸ்னி பதிப்பில் ஆரம்பத்திலேயே இசை வந்துவிடுவதால் அந்த விழுதல் இன்னொரு காட்சியாகக் கடந்துபோகிறது. போதாக்குறைக்கு, பாத்திரங்கள் வாய் திறக்காத இடங்களில்கூட வசனம் சேர்த்திருக்கிறார்கள். கொள்ளையர் தலைவி டோலாவின் பையன்கள் கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் மாதிரி ஓயாமல் பேசுகிறார்கள்.

டிஸ்னிக்கு முன்பே, ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களில் போடுவதற்காக இன்னொரு ஆங்கில டப் செய்யப்பட்டது. அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன், அதனால் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

சப்டைட்டில் படிக்க முடியாத குழந்தைகளோடு பார்ப்பவர்கள் ஆங்கிலத்துக்கே போகலாம். பின்னால் வந்த சில அமெரிக்க வட்டுகளில் ஆங்கிலக் குரலுக்கு அடியில் பழைய இசையே திரும்ப வந்திருக்கிறது. வாங்குமுன் எந்த ஆண்டு வெளியீடு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.