அட்மிஷன் கன்சல்டன்சி: எஸ்ஸேக்கு நாலு ஸ்டார், டொனேஷன் யோசனைக்கு முட்டை

நியூ ஜெர்சியில், அதுவும் எடிசன் பக்கம், பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் இந்த கன்சல்டன்சியின் விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வராமல் இருந்திருக்காது. பெயரைப் போடவில்லை. கொஞ்சம் பணம் இன்னும் அவர்களிடம் மாட்டியிருக்கிறது. 2024 ஜூனில் மகளைச் சேர்த்தோம். 20 மணி நேரப் பேக்கேஜ், 6,800 டாலர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலேஜ் அப்ளிகேஷனோடு அனுப்புகிற எஸ்ஸேயைப் பார்க்கிற பெண்மணி கெட்டிக்காரர். மகள் முதலில் எழுதியது பாட்டி, பரதநாட்டியம், இரண்டு ஊருக்கும் நடுவில் தான் என்ற வழக்கமான கதை. "இந்த வாரத்தில் இது மூணாவது பாட்டி" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார். இவள் சனிக்கிழமைகளில் லைப்ரரியில் உட்கார்ந்து வயதானவர்களின் ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதை வைத்து 650 வார்த்தைக்குள் எழுத வைத்தார். படித்தபோது எனக்கே என் மகளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. எட்டு மணி நேரம் அவரோடு போனது, அதற்குக் கொடுத்த காசு வீணில்லை.

செப்டம்பர் கடைசியில் நிறுவனரே ஸூமில் வந்தார். காலேஜ் பட்டியலை எக்செல்லில் திறந்து காட்டினார். ரீச் (கிடைப்பது கஷ்டம்), டார்கெட் (கிடைக்கலாம்), சேஃப்டி (அநேகமாகக் கிடைத்துவிடும்) எல்லாம் கலர் கலராகப் பிரித்திருந்தது. வலது ஓரத்தில் 'ஃபேமிலி என்கேஜ்மென்ட்' என்று தலைப்புப் போட்ட ஒரு கட்ட வரிசை. நாலு ரீச் காலேஜுக்கு நேரே தலா 5,000 டாலர் என்று போட்டிருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன கிஃப்ட் மேடம். உங்க பேரு அவங்க சிஸ்டத்துல ஏறிடும். டாக்ஸ்லயும் கழிச்சுக்கலாம்."

எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்தது. 1998இல் அண்ணனின் இன்ஜினியரிங் சீட்டுக்கு அப்பா ஒன்றரை லட்சம் கொண்டுபோய்க் கட்டினார். தமிழ்நாட்டில் கேபிடேஷன் ஃபீக்கு, அதாவது சீட்டுக்காகத் தனியாக வாங்குகிற பணத்துக்கு, 1992லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. அதனால் ரசீதில் 'கட்டட நிதி' என்று இருந்தது. தப்புதான். ஆனால் மெக்கானிக்கலுக்கு இவ்வளவு, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இவ்வளவு, கட்டினால் சீட் என்று கணக்கு தெளிவாக இருந்தது. டொனேஷன் என்றால் நம் ஆட்களுக்கு அதுதான் அர்த்தம். அவர் விற்றதும் அந்த நினைப்பைத்தான்.

சிக்கல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் பணம் அட்மிஷனை அசைக்கத்தான் செய்கிறது. அட்மிஷனில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாரபட்சம் என்று ஹார்வர்டு மீது நடந்த வழக்கு 2018இல் பாஸ்டன் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தபோது, உள்ளே ஓடிய ஈமெயில்களே வெளியே வந்துவிட்டன. ஒரு மெயிலில், ஹார்வர்டின் ஒரு பிரிவான கென்னடி ஸ்கூலின் டீன் அட்மிஷன் டீனுக்கு நன்றி சொல்கிறார். சேர்த்துக்கொண்ட பிள்ளைகளில் ஒருவர் தரப்பில் கட்டடமே கட்டித் தருவதாகச் சொல்லியாகிவிட்டதாம். இன்னொன்று 87 லட்சம் டாலர் கொடுத்த குடும்பத்தைப் பற்றியது. இனிமேல் பெரிய தொகை வராது, ஆனால் ஓவியச் சேகரிப்பு ஒன்று இருக்கிறது, அது நம் பக்கம் வரலாம் என்று நிதி திரட்டும் அலுவலகம் குறிப்பு எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் பெண் பார்க்கப் போகும்போது நகையைக் கணக்குப் போடுவார்கள், அந்த ஞாபகம் வந்தது. 'டீன்ஸ் இன்ட்ரஸ்ட் லிஸ்ட்' என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. பெரிய நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. அந்த வழக்கில் வந்த ஆறு வருடக் கணக்குப்படி, பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேருக்கு இடம் கிடைத்தது. லெகசி (முன்னாள் மாணவர் வீட்டுப் பிள்ளை), விளையாட்டு, டீன் பட்டியல், ஆசிரியர் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் இல்லாதவர்களுக்கு ஐந்தரை.

அதற்காக 5,000 டாலர் கொடுத்தால் அந்தப் பட்டியலில் ஏறிவிடுமா? ஹார்வர்டிடம் 5,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது. ட்ரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் அங்கே படித்தவர், அவருடைய அப்பா 1998இல் ஹார்வர்டுக்குத் தருவதாகச் சொன்னது 25 லட்சம் டாலர். அதற்கும் மகனின் சீட்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அந்தக் குடும்பத்தின் தரப்பில் சொன்னார்கள். அட்மிஷன் மோசடியில் 2019இல் மாட்டிய கன்சல்டன்ட் ரிக் சிங்கர்கூட, பெரிய டொனேஷன் என்கிற பின்வாசலுக்குத் தன்னுடைய பக்கவாசலைவிடப் பத்து மடங்கு செலவாகும் என்றுதான் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய பக்கவாசல் கோச்சுகளுக்கு லஞ்சம், பரீட்சையில் ஆள்மாறாட்டம். நம் 5,000 உண்டியலில் விழுகிற சில்லறை. அதைப் போட்டுவிட்டுக் கோபுரத்தில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்க்க முடியாது.

இவ்வளவையும் நான் ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் நேரடி வழியில் போனார். பட்டியலில் இருந்த ஒரு காலேஜில் நன்கொடை வாங்குகிற கிஃப்ட் ஆபீசுக்கே ஃபோன் போட்டுவிட்டார். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "உங்கள் பிள்ளை இப்போது இங்கே படிக்கிறாரா?" இல்லை, இனிமேல்தான் அப்ளை செய்யப் போகிறாள் என்றார் இவர். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், தருவதாக இருந்தால் சந்தோஷம், ஆனால் இந்த அளவிலான தொகை எதையும் அட்மிஷன் ஆபீஸ் பார்ப்பதில்லை என்றாள். ஃபோனை வைக்கும்போது இவர் காது சிவந்திருந்தது.

டாக்ஸ் விஷயமும் அரைகுறை. பதிலுக்கு ஏதாவது கிடைத்தால் அந்த அளவுக்கு அது நன்கொடை ஆகாது, கழிக்கவும் முடியாது. சிங்கர் ஒரு தர்ம ஸ்தாபனம் வைத்து ரசீது கொடுத்தார். அதைக் காட்டி வரியில் கழித்த பெற்றோருக்கு அதுவும் சேர்ந்து வினையாக முடிந்தது.

எனக்கு அதைவிடக் கோபம் வந்தது இன்னொன்றில். அந்த நாலு காலேஜில் எம்.ஐ.டி.யும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் இருந்தன. முன்னாள் மாணவர் வீட்டுப் பிள்ளை என்கிற சலுகைகூட இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிற இடங்கள். அங்கேயும் 5,000! எல்லாருக்கும் ஒரே ஷீட், பெயரை மட்டும் மாற்றுகிறார்கள் போல. அந்த வாரமே, செப்டம்பர் 30 அன்று, கலிபோர்னியாவில் தனியார் கல்லூரிகள் லெகசியையும் டொனேஷனையும் பார்த்து இடம் தரக்கூடாது என்று கவர்னர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மெயிலில் அதை அனுப்பிக் கேட்டேன். "நியூ ஜெர்சிக்குப் பொருந்தாது மேடம்" என்று ஒரு வரி பதில்.

நாங்கள் எங்கேயும் பணம் கட்டவில்லை. நாலு ரீச் காலேஜும் இல்லை என்றுவிட்டன. கட்டியிருந்தால் கிடைத்திருக்குமோ என்று மார்ச் மாதம் முழுக்க என் மாமியார் ஃபோனில் கேட்டார். மகள் இப்போது நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் படிக்கிறாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

போகிறவர்கள் எஸ்ஸேக்கு மட்டும் மணிக்கணக்கில் காசு கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், விளம்பரத்தில் இல்லாவிட்டாலும் தருகிறார்கள். பேக்கேஜ் வேண்டாம். எங்களுக்கு மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தது. ரீஃபண்ட் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் அது இல்லை, வேண்டுமானால் தம்பி பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். அவன் ஆறாவது படிக்கிறான்.