புதுச்சேரியில் புதுப்பித்த பழைய வீடு: பார்த்தது, தொட்டது

வைசியாள் தெருவுக்குப் பக்கத்தில் புதுப்பித்து விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு பழைய வீட்டைப் போன ஞாயிறு இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்தேன். இந்த ஊரில் இப்படி ஒரு வீடு தேடுகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

தெருவை ஒட்டி மரத்தூண்கள் நிற்கும் தாழ்வாரம், அதைத் தாண்டித் திண்ணை, அப்புறம்தான் கதவு. ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழ் வீடுகளின் அமைப்பு இது. கிழக்கே பிரெஞ்சுப் பகுதிக்குப் போனால் உயரமான மதிலும் கேட்டும்தான் தெருவைப் பார்த்து நிற்கும். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணாமல் விட்டுவைத்ததற்கே வீட்டைப் புதுப்பித்தவர்களைப் பாராட்ட வேண்டும். வைசியாள் தெருவில் வீடுகளின் முகப்பை இப்படி மீட்டெடுத்த வேலைக்குத்தான் 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

உள்ளே எனக்கு மிகவும் பிடித்தது கூரைத் தளம். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய முறை. மரச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். உளுத்துப்போன இரண்டு சட்டங்களை மட்டும் எடுத்துவிட்டு அதே கனத்தில் பழைய தேக்கு வாங்கிப் போட்டிருக்கிறார்கள், கான்கிரீட்டை உள்ளே விடவே இல்லை. மதியம் 2 மணி வெயிலில் முற்றத்தை ஒட்டிய கூடத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன், சட்டை நனையவில்லை.

வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போனபோதுதான் மனசு உடைந்தது. சமையலறைச் சுவரில் முழங்கால் உயரம் வரை பெயின்ட் உப்பியிருந்தது, நகத்தால் லேசாகச் சுரண்டினேன், வெள்ளையாக உப்புப் பொடி உதிர்ந்தது. போன மழையில் பட்ட ஈரம், காய்ந்துவிடும் என்றார் புரோக்கர். காயாது. அங்கே மட்டும் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து செங்கல் உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும், சிமென்ட் அடைத்துவிடும். போக வழியில்லாத ஈரம் உள்ளுக்குள்ளேயே ஏறி, உப்போடு சேர்ந்து செங்கல்லை அரிக்கும். முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பைத்தான் பூச வேண்டும். முன்கட்டில் அத்தனை அழகாகச் செய்தவர்கள் பின்னால் ஏன் அவசரப்பட்டார்களோ, உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

குளியலறைகள் நன்றாக இருக்கின்றன. கார் தெருவில்தான் நிறுத்த வேண்டும்.

பத்திர விஷயம் கவனம். 1962-63-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய, வாரிசுகள் பிரான்சில் இருப்பார்கள். இந்த வீட்டுக்கும் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்களாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து அல்லது அவர்கள் சார்பில் கையெழுத்திட முறையான பவர் பத்திரம், இவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

3.5 கோடி சொல்கிறார்கள். வரும் ஞாயிறு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிப் போகிறேன், அந்தச் சுவரை அவர் தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விலை பேசுவேன்.