சி பின்னா, ஐபோன் பின்னா, எண்பதா, நூறா: ஒரு வீட்டுப் பஞ்சாயத்து

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். தார்சாவில், அதாவது முன்னறையில், ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து போன மாதம் வரை தொங்கிய வயர்கள் நாலு தினுசு. ஆச்சியின் பட்டன் போனுக்கு மைக்ரோ யுஎஸ்பி, தங்கச்சியின் ஐபோனுக்கு லைட்னிங், சித்தப்பாவுக்கு போனோடு வந்த தடி வயர் போட்ட சி டைப், எனக்குக் கடையில் வாங்கிய சாதா சி டைப். யாருடைய வயர் உசத்தி, யார் தன் போனைத் தானே கெடுத்துக்கொள்கிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு சண்டையாவது அந்த பாக்ஸ் பக்கத்தில் நடக்கும். ரொம்ப நாள் கேட்டுவிட்டேன், என் தீர்ப்பை எழுதிவிடுகிறேன், ஒத்துக்கொள்கிறவர்கள் ஒத்துக்கொள்ளட்டும்.

முதலில் பின். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீரில் நின்றது நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, கரண்ட் மட்டும் போனது. கையில் இருந்தது ஒரு பவர் பேங்க். தங்கச்சி தன் வயரை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சி டைப் கிடைத்தது, லைட்னிங் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் பவர் பேங்க் நிறைந்து கிடக்க, அவள் போன் 4 சதவீதத்திலிருந்து இறங்கி அணைவதை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஆச்சியின் பட்டன் போன் மட்டும் மூன்றாவது நாளும் இரண்டு கட்டம் காட்டியது, துபாயில் இருக்கிற மாமாவுக்கு நாங்கள் நலம் என்று சேதி போனது அதிலிருந்துதான்.

அதற்காக லைட்னிங் மட்டமான பின் என்று சொல்ல மாட்டேன். 2012-ல் ஐபோன் 5-ஓடு வந்தபோது, எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏறுகிற பின் என்பதே பெரிய விஷயம், மற்றவர்கள் எல்லாம் மைக்ரோ யுஎஸ்பியை இருட்டில் இரண்டு தடவை திருப்பித் திருப்பிக் குத்திக்கொண்டிருந்த காலம் அது. வயர் பக்கம் ஒரு கெட்டியான தகடு, போன் பக்கம் வெறும் பொந்து, அவ்வளவுதான், அதனால் சட்டைப்பைத் தூசி அடைத்தால் ஒரு பல்குச்சியால் சுரண்டிவிடலாம். சி டைப்பில் போனுக்குள் நடுவே ஒரு மெல்லிய நாக்கு நிற்கிறது, சுரண்டும்போது கை நடுங்கும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தேய்ந்துபோகிற ஸ்பிரிங் சங்கதி சி டைப்பில் வயர் முனைக்குள் இருக்கிறது, லைட்னிங்கில் போனுக்குள். எது தேய்ந்தால் செலவு குறைவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைக்ரோ யுஎஸ்பி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆச்சியோடு அதுவும் இருக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களில் சார்ஜ் ஓட்டை சி டைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆப்பிள் அதற்கும் முன்பே, 2023 செப்டம்பரில், ஐபோன் 15-ல் மாறிக்கொண்டது. எங்கோ போட்ட சட்டம், பலன் எங்கள் ஊர் வண்ணார்பேட்டை செல்போன் கடை வரை வந்துவிட்டது. வயர் கடன் கேட்கிற விஷயத்தில் இனி சி டைப்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை.

சிக்கல் எங்கே என்றால், வாய் ஒன்றாகிவிட்டது, வயிறு ஒன்றாகவில்லை. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அவர் போன் அதனுடைய சார்ஜரில் போட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் நிறையும். அதே போனை என் சார்ஜரில் போட்டால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "ஏல, ஒன் சார்ஜர் செத்துப்போச்சுல" என்பார். சாகவில்லை. இரண்டும் வேறு பாஷை பேசுகின்றன. என்னுடையது பவர் டெலிவரி என்கிற, சுருக்கமாகப் பிடி என்கிற, பொதுப் பாஷை. அவருடையது அந்தக் கம்பெனியின் சொந்தப் பாஷை. அந்த மாதிரி வேக சார்ஜிங்கை ஓப்போ 2014-லேயே வூக் என்ற பெயரில் கொண்டுவந்தது. வோல்ட்டை ஏற்றாமல் ஆம்பியரை ஏற்றுவது அதன் வழி. அவ்வளவு ஆம்பியரைத் தாங்க வயரும் தடியாக இருக்க வேண்டும், அதனால்தான் சார்ஜர், வயர், போன் மூன்றும் ஒரே குடும்பமாக இருந்தால்தான் முழு வேகம் வரும். பொதுப் பாஷைக்காரனுக்கும் வேகம் இல்லாமல் இல்லை, 2021-ல் வந்த பிடி 3.1 கணக்குப்படி 240 வாட் வரை போகலாம், லேப்டாப்பே ஏறும். ஆனால் போன் அதை ஒத்துக்கொள்ள வேண்டுமே. வயரிலும் விஷயம் இருக்கிறது: 3 ஆம்பியருக்கு மேல் கொண்டுபோகிற சி டு சி வயருக்குள் தன் தகுதியைச் சொல்லும் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜர் 60 வாட்டோடு நின்றுகொள்ளும். நூறு ரூபாய் வயரில் 100 வாட் என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, வேகமா, நிதானமா? வேக சார்ஜ் பேட்டரியைக் கொன்றுவிடும் என்று தங்கச்சி சொல்வாள், சித்தப்பா மூன்று வருஷமாக அந்தச் சார்ஜரில்தான் போடுகிறார், அவர் போன் இன்னும் நன்றாகத்தான் நிற்கிறது. உண்மையில் கெடுப்பது சூடு, வேகத்தைப் பிடித்துத் திட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. வேக சார்ஜர் காலியான பேட்டரிக்குத்தான் முழு மூச்சாக ஊட்டும், நிறைய நிறையத் தானே குறைத்துக்கொள்ளும், கடைசி 20 சதவீதம் ஆமை மாதிரி ஊர்வது அதனால்தான். நல்ல வேக போன்களில் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்து சூட்டையும் பகிர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப அளவே 0 முதல் 35 டிகிரி வரைதான், அதற்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்கிறார்கள். மே மாதம் நம் ஊர் நிழலிலேயே 38-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே, கவரைக் கழற்றிவிட்டு வேக சார்ஜ் போட்டால் ஒன்றும் ஆகாது. மத்தியானம் தென்காசி ரோட்டில் பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப்பையும் ஓட்டிக்கொண்டு, பைக் சாக்கெட்டிலிருந்து சார்ஜும் போட்டால், 10 வாட்டே போதும், கெட்டுவிடும். என் பழைய போன் அப்படித்தான் இரண்டு கோடையில் முதுகு உப்பி, ஒரு நாள் காலையில் திரை ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. உப்பின பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது என்று கடைக்கார அண்ணாச்சி அதைத் தொடும்போதே கத்தினார், அவர் கத்தியது சரிதான்.

வயர்லெஸ் சார்ஜரை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. சூடு கூடுதல், வேகம் குறைவு, போனை எடுத்துப் பேசினால் சார்ஜ் நின்றுவிடும். அலுவலகத்து ஏசி மேஜைக்குச் சரி, நம் தார்சாவுக்கு எதற்கு?

அப்புறம் பெரிய சண்டை, சார்ஜ் எண்பது சதவீதத்தில் நிறுத்துவதா, நூறு வரை விடுவதா. தங்கச்சி 20-க்குக் கீழே விடவும் மாட்டாள், 80-ஐத் தாண்டவும் விட மாட்டாள், படிக்கிற நேரத்தில் எழுந்து எழுந்து வயரைப் பிடுங்குவாள். சித்தப்பா இதற்கு நேர் எதிர், முழுசாகக் காலியாக்கிவிட்டுத்தான் போடணும் என்பார். அவர் கணக்கு பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துக் கணக்கு, அதற்குத்தான் பாதியில் போட்டால் பாதியையே முழுசு என்று நினைத்துக்கொள்ளும் மறதி வியாதி உண்டு. லித்தியம் அயனுக்கு அது கிடையாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவை இரண்டு: அடிவயிறு வரை காலியாவது, நிறைந்த வயிற்றோடு சூட்டில் கிடப்பது. நூறில் இருக்கும்போது செல்லின் வோல்ட் 4.2-ஐத் தொட்டோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும், அந்த அழுத்தத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் சீக்கிரம் கிழடு தட்டும். அந்த வகையில் தங்கச்சி சொல்வதுதான் சரி.

ஆனால் அவள் செய்கிற விதம் சரியில்லை. பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றினால், பேட்டரியின் ஆயுளை எண்ணுகிற கணக்கில் அது ஒரு சுற்றுதான், இரண்டு இல்லை. அதனால் வயரை எத்தனை தடவை செருகினோம் என்று பயப்படவும் வேண்டாம், மணியடித்த மாதிரி எழுந்து பிடுங்கவும் வேண்டாம். இப்போது நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் 80-ல் நிறுத்தும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது, ஆப்பிளில் ஐபோன் 15 மாடலிலிருந்து உண்டு. பழைய ஐபோன்களிலும் ராத்திரி 80-ல் நிறுத்திவைத்து நாம் எழுந்திருக்கும் நேரத்துக்கு நூறாக்குகிற ஏற்பாடு 2019-லேயே வந்துவிட்டது. நான் வீட்டில் இருக்கும் நாளில் 80, சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறும் நாளில் 100. போன் நமக்காக, நாம் போனுக்காக இல்லை என்று தங்கச்சியிடம் சொன்னால், "அண்ணே, பேட்டரி மாத்துற காச நீங்க குடுப்பியளா?" என்கிறாள். நியாயமான கேள்வி, நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நனைந்த போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளம் வடிந்தபின் தெருவில் பாதிப் பேர் நனைந்த போனை அரிசிக்குள் புதைத்துவைத்தார்கள், ஆச்சியும் அம்பை 16 அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரிசிப் பையில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கத் தட்டி, காற்றோட்டமாக வைத்து, நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடாமல் இருப்பதுதான் வழி.

இப்போது வாங்குவதாக இருந்தால் எதை வாங்குவது? 30 முதல் 45 வாட் வரை தருகிற, பிபிஎஸ் (போன் கேட்கிற அளவுக்கு வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் தரும் வசதி) என்று எழுதியிருக்கிற, ஐஎஸ்ஐ மாதிரி இந்தியத் தரப் பதிவு எண் போட்ட ஒரு பிடி சார்ஜர், கூட ஒரு நல்ல சி டு சி வயர். சித்தப்பாவின் வேகம் வராது, ஆனால் வீட்டில் ஆச்சியைத் தவிர எல்லோருக்கும் ஆகும். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சார்ஜரை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் மூன்று சதுரக் கால்கள் நம் பாயிண்ட்டில் ஏறாது, நடுவில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகினால் அது லொடலொடவென்று ஆடி, தொட்டால் சுடுகிறது.

தங்கச்சியும் போன மாதம் சி டைப் போனுக்கு மாறினாள். ஆச்சியின் மைக்ரோ யுஎஸ்பியைத் தவிர ஒரே சார்ஜர், ஒரே வயர், பாக்ஸ் சுத்தமாகிவிட்டது, மற்ற பழைய வயர்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட்டேன். மறுநாள் ஆச்சி தன் புது டார்ச் லைட்டைக் கொண்டுவந்து, "ஐயா, இதுல சார்ஜே ஏற மாட்டேங்கு" என்றாள். அதுவும் சி டைப்தான். ஆனால் இந்த மாதிரி மலிவு சாமான்களில், நான் ஒரு சி டைப் என்று சார்ஜருக்குச் சொல்லும் சின்ன ரெசிஸ்டரைப் போடாமல் காசை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள், சி டு சி வயரில் சார்ஜர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பழைய சதுர முனை வயரில், பழைய 5 வோல்ட் சார்ஜரில் போட்டால் உடனே ஏறும். மஞ்சள் பையை அவிழ்த்து அந்த வயரைத் தேடி எடுத்தேன், இப்போது அது மறுபடியும் பாக்ஸில் தொங்குகிறது.