எம்.ஐ.ஏ.யின் ‘கலா’: கிளாசிக் என்று சொல்லத் தகுமா?

ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பிரிட்டிஷ் றப் பாடகி எம்.ஐ.ஏ. (மாயா) 2007 ஓகஸ்டில் வெளியிட்ட ‘கலா’ அல்பத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கதை எழுந்தால், இரண்டு பக்கமும் பாட்டுக்குள் போகாமலே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. ‘எங்கட பிள்ளை, சின்ன வயதில் இங்கே வளர்ந்தவ, தகப்பன் ஈரோஸ் இயக்கத்து அருளர், பிறகென்ன, கிளாசிக்தான்’ என்பது ஒரு பக்கம். ‘றப் முழுக்க இங்கிலிஷ், ஊரைப் பற்றி நேராக ஒன்றும் இல்லை, வெளிநாட்டாருக்குப் போட்ட பாட்டு’ என்பது மற்றப் பக்கம். பிறந்த வீட்டை வைத்தும் பாடிய மொழியை வைத்தும் ஓர் அல்பத்தை நிறுக்க முடியாது. இதில் இருப்பது 12 பாட்டு, ஏறத்தாழ 47 நிமிடம். அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ‘கலா’ கிளாசிக்தான். ஆனால் அந்தப் பெயரை அதற்கு வாங்கித் தருவது மாயாவின் றப் திறமை அல்ல, மேளங்களை அடுக்கிய விதம். கடைசிப் பாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் எங்கள் முடிவின் ஒரு பகுதி.

இந்த அல்பம் இப்படி ஒலிப்பதற்கு ஒரு விசாப் பிரச்சினை காரணம். 2005இல் வந்த முதல் அல்பம் ‘அருளர்’, தகப்பனின் பெயரில் வந்தது. பிரிட்டனின் மெர்க்குரி இசை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்ததை அமெரிக்காவில், அந்த நேரத்தில் உச்சத்தில் நின்ற தயாரிப்பாளர் டிம்பலண்டுடன் சேர்ந்து செய்வது என்பதுதான் திட்டம். அமெரிக்க விசா கிடைக்கவில்லை. திட்டம் கலைந்தது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர் சுவிட்சுடன் சேர்ந்து இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று போன இடங்களிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டியதாயிற்று. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோ கிடைத்தது. உறுமி அடிக்கும் குழு ஒன்றும் அங்கே கிடைத்தது. அல்பத்தின் முதுகெலும்பு அந்த ஒலிப்பதிவில்தான் உருவானது. தாயின் பெயரைத் தாங்கிய அல்பம் இது.

உறுமி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ‘பேர்ட் ஃபுளூ’ வேறு விதமாகக் கேட்கும். இருமுக வாத்தியம் அது. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் சுருதி வழுக்கி ஏறி இறங்கும் ஓர் உறுமல் பிறக்கும். மேற்கத்தைய நடன இசையில் இந்த வேலையைச் செய்வது சின்தசைசர் பேஸ். ‘பேர்ட் ஃபுளூ’வில் பேஸ் கித்தாரும் இல்லை, வழமையான பேஸ் மெட்டும் இல்லை, அடிப்பக்கத்தை நிரப்புவது தோல்தான். அதன் மேலே பிள்ளைகளின் கூச்சல், கோழிச் சத்தம், ‘ஜெயம்’ படத்தின் ‘திருவிழான்னு வந்தா’ பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துணுக்கு, அதாவது சாம்பிள். இவ்வளவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது கலவை கரகரக்கும் அளவுக்குச் சூடாகிறது. அந்தக் கரகரப்பை உங்கள் ஸ்பீக்கரின் பழுது என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதை ‘யாழ்ப்பாணத்து ஒலி’ என்று உரிமை கொண்டாட முடியாது. எங்கள் கோயில் வீதிகளில் கேட்பது தவிலும் நாதஸ்வரமும் பறைமேளமும். உறுமியின் பெரும் இடம் தமிழ்நாடு. அந்தக் கூட்டத்தோடு சென்னை ஸ்டூடியோவில் இருந்து வேலை செய்தவர், தன் ஊர் மரபைப் பதிவுசெய்யப் போனவராகத் தெரியவில்லை. பக்கத்து மரபு ஒன்றைப் பாட்டின் நடுவில் தூக்கி வைத்தவராகத்தான் தெரிகிறார்.

அளவெட்டி, இணுவில் தவிலைக் கேட்டுப் பழகியவர்கள் சொல்லும் குறையிலும் நியாயம் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் நடை மாறும், கோர்வை கட்டி வந்து சமத்தில் விழும். ‘கலா’வில் மேளம் வளர்வதில்லை, நாலு மாத்திரைத் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் சுழற்சி இசைக்கு வேறு இலக்கணம். அங்கே மாற்றம் வருவது கூட்டுவதிலும் கழிப்பதிலும். ‘பொய்ஸ்’ பாட்டில் இதை வடிவாகக் காணலாம்: அடிமேளத்தைத் திடீரென்று உருவிவிட்டு, குரலையும் கைதட்டையும் மட்டும் தொங்கவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே அடியில் கொண்டுவந்து போடுவார்கள். இரண்டாம் தரம் கேட்கும்போது குரலை விட்டுவிட்டு, எந்த மேளம் எப்போது வெளியே போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அதன் பிறகு ‘ஒரே அடி’ என்று சொல்ல மனம் வராது.

அல்பத்தைத் திறக்கும் ‘பம்பூ பங்கா’வில் இளையராஜா இருக்கிறார். ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து ஒரு துணுக்கு. இதையும் மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்திராவின் 2006 அல்பமான ‘வல்லவ’னையும் அருகருகே வைத்துக் கேட்கலாம். இளையராஜாவின் ‘மடை திறந்து’ அதில் முழு மெட்டாகவே வருகிறது, எஸ்.பி.பி.யின் பாட்டைத் தெரிந்தவருக்கு முதல் நொடியிலேயே புல்லரிக்கும், அந்தப் பழைய நினைவுதான் பாட்டின் பாதிப் பலம். ‘பம்பூ பங்கா’ அந்த நினைவை விலைக்கு வாங்கவில்லை. துணுக்கை வெட்டி எடுத்து, ஓடும் காரின் எஞ்சின் போலத் துடிக்கும் பீற்றுக்குள் புதைத்து, மேலே ஜொனதன் ரிச்மனின் பழைய ரொக் வரிகளைத் தட்டையான குரலில் சொல்ல வைத்திருக்கிறார்கள். ‘தளபதி’ பார்க்காதவருக்கும் அது வேலை செய்யும். தமிழ் றப்பாக ‘வல்லவன்’ மேலானது, அதில் சந்தேகமில்லை. சாம்பிள் கையாளும் நுட்பத்தில் ‘கலா’ முன்னுக்கு நிற்கிறது.

இனிக் குறைகள். றப் கிளாசிக் என்றதும் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் அளவுகோல் அமெரிக்க றப் பாடகர் நாஸின் ‘இல்மாட்டிக்’, 1994. அதில் ஒரு வரிக்குள்ளேயே மூன்று நான்கு இயைபு, மூச்சு எங்கே விடுகிறார் என்று தெரியாத நீளம், ஒரு தெருவின் கதை. அந்தக் கோலை வைத்தால் மாயா தேறமாட்டார். அவருடைய வரிகள் குட்டை. ஒரே தொடரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கோஷமாக்குவார். பீற்றுக்கு எதிராகக் குரலை இழுத்து விளையாடுவதும் குறைவு. ‘ஹஸல்’ பாட்டில் ‘ஆபிரிக்கன் போய்’ என்ற றப் பாடகர் வந்து நைஜீரிய உச்சரிப்பில் ஒரு பகுதி பாடிவிட்டுப் போகிறார். அல்பத்தின் மிகச் சிறந்த றப் துண்டு அதுதான், அது மாயாவுடையதல்ல. கோஷம் ஒரு பாணிதான் என்று வாதாடலாம், மேளத்தோடு சேரும்போது அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் வரிகளைத் தாளில் எழுதி வாசித்தால் பாதிக்கு மேல் நிற்காது.

‘ஜிமி’யைப் பற்றி இங்கே நிறையப் பேருக்குப் பாசம் உண்டு. ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்காக பப்பி லஹிரி இசையமைத்து பார்வதி கான் பாடிய பாட்டு, 1982. மாயா அதை அநேகமாக அப்படியே எடுத்து, வயலின் வரிசைகளோடு பளபளப்பாக்கியிருக்கிறார். மெட்டில் குறையில்லை. ஆனால் சூடானின் டார்ஃபுரையும் இனப்படுகொலையையும் காதல் பாட்டின் நடுவில் சுற்றுலா போலச் சொல்லிவிட்டுப் போகும் வரிகள் கனமில்லாமல் கிடக்கின்றன. போரைப் பார்த்த ஊரிலிருந்து கேட்கும்போது அந்த இடம் உறுத்துகிறது. இதே வேலையை ‘20 டொலர்’ நன்றாகச் செய்கிறது: ஆபிரிக்காவில் ஒரு துப்பாக்கிக்கு என்ன விலை என்பதிலிருந்து தொடங்கி, நியூ ஓர்டரின் ‘புளூ மன்டே’யை நினைவூட்டும் பேஸ், பிக்ஸிஸ் குழுவின் மெட்டைத் திருப்பிப் பாடும் பகுதி என்று கேட்பவரின் மேல் மெதுவாகப் பாரத்தை ஏற்றுகிறது. அல்பத்தின் உண்மையான நடுமையம் இந்தப் பாட்டுத்தான் என்பது எங்கள் எண்ணம்.

‘மங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் வில்கேனியா மொப் ஏற்கெனவே செய்த பாட்டின் மறுகலவை. பிள்ளைகள் மீன் பிடிக்கிற கதையும் டிஜரிடூ என்ற நீள மரக்குழலும் இனிமையாக இருந்தாலும் மாயாவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ‘த டேர்ன்’ மெதுவான பாட்டு. ‘வேர்ல்ட் டவுனு’க்கும் ‘எக்ஸ்ஆர்2’வுக்கும் நடுவே மூச்சு விட ஓர் இடம், அவ்வளவுதான்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தைக் கெடுத்ததும் அதுதான். 2008இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 தரவரிசையில் 4ஆம் இடம், ‘ஸ்லம்டோக் மில்லியனெயர்’ படத்தில் இடம், கிராமியில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்குப் பரிந்துரை, றப் பாடகர்கள் டி.ஐ., ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெயின் சேர்ந்து பாடிய பாட்டுக்கு அதிலிருந்தே சாம்பிள். இதனால் அல்பத்தைக் கேட்காதவர்கள்கூட அதைக் கிளாசிக் என்கிறார்கள். பாட்டு அதற்குத் தகுதியானதுதான். பிரிட்டிஷ் ரொக் குழு த கிளாஷின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’லின் கித்தார் துணுக்கை எடுத்து, நிமிடத்துக்கு 86 அடி என்ற சோம்பல் வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த மூலப் பாட்டே குடியேறிகளை ஒதுக்குவதைப் பற்றியது. விசாவையும் குடியேறி மீதான சந்தேகத்தையும் பாடும் பாட்டுக்கு அதை எடுத்தது பொருத்தமான தெரிவு. பல்லவியின் மெட்டு 1990களின் களியாட்டப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. அங்கே இருந்த சொற்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கி வெடியையும் காசுப் பெட்டி திறக்கும் ஒலியையும் வைத்திருக்கிறார்கள். குடியேறி வந்தவன் உன் காசைப் பறிக்க வந்தவன் என்ற பயத்தை, பிள்ளைகள் சேர்ந்து பாடும் தாலாட்டுப் போல மாற்றிவிட்டார்கள். சில அமெரிக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் வெடிச்சத்தத்தை மழுக்கினார்கள். மழுக்கியதும் பல்லவியின் பொருளே போய்விடும். நீங்கள் கேட்கும் பிரதியில் வெடி கூர்மையாக இல்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள்.

இதோடு முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. 12ஆவதாக ‘கம் அரவுண்ட்’ வருகிறது, டிம்பலண்டுடன். மினுக்கமான பீற், அவருடைய சலிப்பூட்டும் காதல் றப், இடையில் மாயா விருந்தாளி போல. விசா கிடைத்திருந்தால் அல்பம் எந்தத் திசையில் போயிருக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. அந்த வகையில் மட்டும் ஒரு தரம் கேட்கலாம்.

கேட்கும் முறை பற்றிச் சில விஷயங்கள், ஏனென்றால் இந்த அல்பத்தை வெறுக்கும் பலர் அதைத் தவறான கருவியில் கேட்டவர்கள். போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். சுமார் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது, உறுமலின் அடிப்பாகம் காணாமல் போய் மேலே உள்ள கூச்சல் மட்டும் மிஞ்சும். பின் சீற்றுக்குப் பின்னால் பெரிய வூஃபர் வைத்த ஓட்டோவிலும் இது சரிவராது. ஏற்கெனவே நிரம்பி வழியும் கலவைக்கு மேலே பேஸைக் கூட்டினால் உறுமியும் கிக் மேளமும் ஒரே சேறாகிவிடும். வயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும். பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். செயலியில் கேட்பவர்கள் டேட்டா மிச்சம் பிடிக்கிற தெரிவை மாற்றி, தரத்தை உச்சத்தில் வையுங்கள். குறைந்த தரத்தில் முதலில் கெடுவது கைதட்டல்களும் உலோகச் சத்தங்களும்தான், ‘பேர்ட் ஃபுளூ’ இரைச்சலாக மாறிவிடும். ஷஃபிளில் போட வேண்டாம். ‘பேர்ட் ஃபுளூ’ முடிந்த கையோடு ‘பொய்ஸ்’ வர வேண்டும். அந்த இரண்டும் ஒரே நீளமான மேளமாகக் கேட்கும்படிதான் வரிசை அமைந்திருக்கிறது.

‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை இதை 2007இன் முதல் அல்பமாகத் தெரிவு செய்தது. அந்த நேரத்து ஆர்வத்தில் கொடுத்த இடம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஆனால் மேற்கத்தையப் பாட்டில் எங்கள் பக்கத்து வாத்தியம் அதுவரை அநேகமாகப் பின்னணி அலங்காரமாகத்தான் வந்திருக்கிறது. சித்தாரும் தபேலாவும் நறுமணத்துக்குத் தூவப்பட்டன. ‘கலா’வில் உறுமியை எடுத்துவிட்டால் ‘பேர்ட் ஃபுளூ’வே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, வரிகளின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டும், கிளாசிக் என்ற சொல்லை நாங்கள் துணிந்து பாவிக்கிறோம்.

றப்பைத்தான் தேடுகிறீர்கள் என்றால் ‘அருளரி’லிருந்து தொடங்குங்கள், அதில் பீற் மெலிந்தது, குரல் முன்னுக்கு நிற்கும், ‘கலாங்’கும் ‘சன்ஷவர்ஸு’ம் வாயோடு ஒட்டிக்கொள்ளும். மேளத்துக்காக வருபவர்கள் நேரே ‘கலா’வுக்குப் போகலாம்: முதலில் 1 முதல் 3 வரை, பிறகு 7, 8, பிறகு 11. இந்த ஆறும் பிடித்தால் மிச்சத்தை வரிசைப்படி கேளுங்கள். ‘பேர்ட் ஃபுளூ’ மூன்றாம் தரத்திலும் இரைச்சலாகவே இருந்தால், இந்த அல்பம் உங்களுக்கானதல்ல.