ரத்தம் பேசும் இரண்டு புத்தகங்கள்: 'டிராகுலா', 'தி ஹாட் ஸோன்'

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்குகளால் ஆனது. மொத்தம் 27 அத்தியாயங்கள். முதல் நான்கை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். ரத்தக்காட்டேரியான டிராகுலாவின் கோட்டைக்குள் சிக்கிய ஜோனதன் ஹார்க்கரின் குறிப்புகள் அவை, நாவலின் உச்சமே அங்குதான். 7ஆம் அத்தியாயத்தில் வரும், டிராகுலா ஏறிய கப்பலின் பதிவேடும் அதே தரம்: மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, கேப்டன் சுக்கானோடு தன் கைகளைக் கட்டிக்கொள்கிறார். குறிப்புகளின் தலையிலுள்ள தேதிகளைத் தாண்டிப் போகாதீர்கள். யாருக்கு எது எப்போது தெரிந்தது என்ற இடைவெளியில்தான் பயம் இருக்கிறது, தேதி தவறினால் அது நழுவிவிடும். நடுப்பகுதி தொய்வுதான்; மருத்துவர் வான் ஹெல்சிங் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. டிராகுலாவிடம் ரத்தம் இழந்த லூசி என்ற பெண்ணுக்கு நான்கு ஆண்களின் ரத்தத்தை வகை பார்க்காமலே ஏற்றுகிறார்கள்! விஞ்ஞானி லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளை விளக்கியது 1901இல். இன்று படிக்கையில் ரத்தக்காட்டேரியைவிட அந்தச் சிகிச்சைதான் பதறவைக்கிறது.

ரிச்சர்ட் பிரஸ்டனின் 'தி ஹாட் ஸோன்' (1994) புனைவல்ல. 1989இல் அமெரிக்காவின் ரெஸ்டன் நகரில், ஆய்வுக்காக இறக்குமதியான குரங்குகளிடம் எபோலா வகை வைரஸ் பரவிய வரலாறு. ஆய்வகக் காட்சிகள் அபாரம்: கையுறையில் ஒரு கிழிசல் என்றாலே நமக்கு வியர்க்கிறது. ஆனால் உள்ளுறுப்புகள் உருகி வழிவதாக வரும் வர்ணனைகள் மிகை. எபோலா நோயாளிகள் எல்லோருக்கும் ரத்தம் கொட்டுவதில்லை. வாந்தி, பேதியால் உடலின் நீர் வற்றுவது பெரிய ஆபத்து. ரெஸ்டன் வகை மனிதர்களை நோயில் தள்ளவில்லை. நடையை ரசிக்கலாம், மருத்துவத் தகவலுக்கு இதை நம்ப வேண்டாம்.